பாதிரியார் கல்லறையில் மதியச் சாப்பாடு

"நாளைக்கு மேட்சுங்க்கா. இன்னைக்குப் போய் மைதானத்தைப் பூட்டிட்டாங்களாம். இது என்ன நியாயமுங்க?"

கேட்டவள் நப்பின்னை. கோயம்புத்தூர்ப் பெண், வயது பதினேழு. கால்ஃப் ஆட ஸ்காட்லாந்தின் கடலோர ஊர் ஒன்றுக்கு வந்திருந்த ஆறு தமிழ்ப் பிள்ளைகளில் ஒருத்தி.

கேட்கப்பட்டவள் செசிலி. பயிற்சியாளர், குன்னூர்க்காரி, வயது இருபத்தொன்பது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவள்.

"பூட்டலை. போய்ப் பாரு."

நப்பின்னை போய்ப் பார்த்தாள். பூட்டத்தான் இல்லை. அதைவிட மோசம். ஊரே புல்வெளியில் இருந்தது. நாய்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள், பட்டம் விடுகிற தாத்தாக்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பந்துக்கு விடுமுறை, புல் ஊர்க்காரர்களுக்கு. ரொம்ப காலத்து வழக்கமாம்.

திரும்பி ஓடி வந்தாள்.

"ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக் கொடுங்க்கா. அந்தக் குழியில மட்டும் பழகிக்கறேன்."

"எந்தக் குழி?"

தெரியாததுபோலக் கேட்டாள் பாருங்கள்! சனிக்கிழமை நடந்ததை அந்த ஊர்க் கடற்பறவைகள்கூடப் பார்த்திருந்தன.

கடைசிக் குழியும் அதன் கொடியும் இருக்கிற பச்சைத் தளத்துக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மணற்பள்ளம். 'பாதிரியார் கல்லறை' என்று பெயர். உள்ளே நின்றால் வானம் மட்டும்தான் தெரியும். நப்பின்னையின் பந்து அதற்குள் விழுந்தது. ஏழு முறை அடித்தாள். மணல் வந்தது, பந்து வரவில்லை. கடைசியில் கையால் பொறுக்கிக்கொண்டு ஏறி வந்தாள். உள்ளூர்ப் பிள்ளைகள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

போன வருடம் பெங்களூரிலும் அவளை ஒரு மணற்பள்ளம்தான் விழுங்கியது.

"இங்கயும் தோத்தா நான் இனிமே ஸ்டிக்கைத் தொடவே மாட்டனுங்க்கா," என்று சனிக்கிழமை மாலையே சொல்லிவிட்டாள். அழவில்லை. முடிவு செய்துவிட்டவர்கள் பேசுகிற மாதிரி சொன்னாள்.

இப்போது செசிலி பயண அட்டவணையை எடுத்துக் காட்டினாள். சனி, பயிற்சி. ஞாயிறு, பண்பாடு. ஞாயிறு, பண்பாடு.

"ஸ்டிக்கை ரூம்ல வை. சாப்பாட்டு டப்பாவை எடு."

"பழகறது எப்பங்க?"

"பசிக்குது, வா."

ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து எடுத்துக்கொண்டு இருவரும் நடந்தார்கள். கடல் காற்று ஆளைத் தூக்கியது. தொப்பி பறந்தது. டப்பாவைத் திறந்தால் சோறும் பறந்திருக்கும்.

செசிலி நேராகப் பாதிரியார் கல்லறைக்குப் போய் உள்ளே இறங்கிவிட்டாள்.

"அதுக்குள்ளயா!"

"உனக்குப் பசிக்கலையா?"

உள்ளே ஏற்கெனவே ஆள் இருந்தது. கைக்குழந்தையோடு ஓர் உள்ளூர்ப் பெண், ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் இடம் விடுவதுபோல நகர்ந்து உட்கார்ந்தாள்.

"காத்து அடிச்சா ஆடுங்க இங்கதான் வந்து படுக்கும். எங்க பாட்டன் காலத்துல. இப்ப நாங்க," என்றாள்.

நப்பின்னை வேண்டாவெறுப்பாக இறங்கினாள்.

செசிலி பள்ளத்தின் கரையிலிருந்து ஒரு பிடி புல்லைக் கிள்ளித் தோள் உயரத்திலிருந்து விட்டாள். புல் அவள் காலடியிலேயே விழுந்தது. இன்னொரு பிடி எடுத்து மேலே வீசினாள். அது கரையைத் தாண்டியதும் காணாமல் போயிற்று.

"புரியுதா?"

"இல்லைங்க்கா."

"சரி, சாப்பிடு."

சாப்பிட்டார்கள். அந்தப் பெண்ணும் ஒரு வாய் வாங்கிக் கண்ணில் நீர் வர இருமி, இன்னொரு வாய் கேட்டாள். குழந்தை தூங்கியது. நப்பின்னை வெறுங்காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் தூங்கிப்போனாள்.

அவ்வளவுதான் அன்றைய பயிற்சி.

திங்கட்கிழமை காற்று இன்னும் வெறி பிடித்திருந்தது. ஐந்து பேரின் ஆட்டமும் முடிந்து, அணிக்கு இரண்டு வெற்றி, ஒன்று இழுபறி என்று உள்ளூர் அணியும் நம் அணியும் கோப்பைக்குச் சமமாக நின்றன. ஆறாவது ஆட்டம் நப்பின்னையுடையது. அதுவும் சமம். மிச்சம் இருந்தது கடைசிக் குழி ஒன்றுதான்.

எதிராளி ஐலா, சிவப்புத் தலைமுடிக்காரி, முதலில் அடித்தாள். அருமையான அடி. பந்து தளத்தின் நடுவில் விழுந்தது. விழுந்ததைக் காற்று சும்மா விடவில்லை. உருட்டிக்கொண்டே போய்ப் பின்னால் இருந்த முட்புதருக்குள் தள்ளியது.

நப்பின்னை ஒரு பிடி புல்லைக் கிள்ளி வீசினாள். அது போன போக்கைப் பார்த்தாள். பிறகு பைக்குப் போய் மட்டையை மாற்றினாள். சின்ன மட்டை. அதை வைத்துக்கொண்டு தளத்தை எட்டவே முடியாது.

நம் பிள்ளைகள் தலையில் கை வைத்தார்கள். "என்னடி பண்றே!"

அடித்தாள். பந்து தாழ்வாகப் பறந்து, நேராகப் பாதிரியார் கல்லறைக்குள் விழுந்தது.

கூட்டம் 'ஐயோ' என்றது. அந்த 'ஐயோ'வுக்கு மொழி தேவைப்படவில்லை. செசிலி மட்டும் கைகட்டி நின்றாள்.

ஐலா முட்புதரிலிருந்து மீள இரண்டு அடி செலவழித்தாள். மூன்றாவது அடியில்தான் அவள் பந்து தளத்தில் வந்து நின்றது, அதுவும் ஓரத்தில்.

நப்பின்னை பள்ளத்துக்குள் இறங்கினாள். மேலே கொடி படபடத்துக்கொண்டிருந்தது. கீழே அவள் நெற்றி முடிகூட அசையவில்லை. காலை மணலில் அழுத்தி நின்றாள். அவசரமே இல்லை. மட்டையை ஓங்கினாள்.

மணல் எழுந்தது. கூடவே பந்தும் எழுந்தது.

போன இடம் அவளுக்குத் தெரியவில்லை. வானம்தான் தெரிந்தது. அப்புறம் கரை முழுக்க ஒரே கூச்சல், அதில் பாதி தமிழில்.

கரை மேல் ஐலாவின் முகம் தெரிந்தது. தொப்பியைக் கழற்றியிருந்தாள்.

"கொடிக்கு ஒரு சாண் தூரத்துல கிடக்கு. நீ அடிக்கவே வேண்டாம், அந்தக் கடைசி அடியைக் கொடுத்துட்டேன். உனக்கு மூணு அடி, எனக்கு நாலுக்குக் குறையாது. கோப்பை உங்களுக்கு," என்று சொல்லி, தூக்கிவிடக் கையை நீட்டினாள். சிரித்தாள். "பாவம், உள்ளே மாட்டிக்கிட்டியேன்னு நினைச்சேன்."

அதற்குள் நம் பிள்ளைகள் ஐந்து பேரும் ஓடி வந்துவிட்டார்கள். "ஏறுடி மேலே! தோள்ல தூக்கப்போறோம்!"

மணலை நிரவுவதற்கென்று கரையில் பல் வைத்த கழி ஒன்று கிடந்தது. நப்பின்னை அதை எட்டி எடுத்தாள்.

"இருங்கடா," என்றாள். "விருந்தாளிங்க வர்ற எடம். வாசலைப் பெருக்கிட்டு வர்றேன்."