ரசம் நுரை கட்டும் நேரம்

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு சாமியாரம்மா. முன்பு மடத்தில் இருந்த பெரிய சாமி கண்ணை மூடியபோது இவருக்கு முப்பது வயசுகூட நிறையவில்லை. அதனால் ஊர் இவரைச் சின்னச் சாமி என்றது. தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. யோசனை கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவருக்கு மூத்தவர்கள். அவர்களை அவர் அக்கா, அண்ணாச்சி என்பார். அவர்கள் இவரைச் சாமி என்பார்கள். அதில் இரண்டு பக்கத்துக்கும் ஒரு கூச்சமும் கிடையாது.

அங்கே வருகிறவர்களில் ஒருத்தி வடிவு.

வடிவுக்கு ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை. விடிந்தால் காலில் சக்கரம் கட்டிக்கொள்வாள். சோறு, குழம்பு, ஒரு கறி, கடைசியில் ரசம். மரக்கடையில் வேலை பார்க்கிற புருஷன் சண்முகவேலுக்குத் தூக்குச்சட்டி, மகள் சங்கரிக்கு டிபன் பாக்ஸ், தனக்கு ஒரு டப்பா. ஓடிப் போய் ஜன்னலில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஊருக்கெல்லாம் பதில் சொல்லணும். கேட்டதையே கேட்பார்கள், சொன்னதையே சொல்லணும், முகம் சுளிக்கக் கூடாது. அங்கே சுளிக்காத முகத்தையெல்லாம் சேர்த்து வைத்து வீட்டில் சுளிப்பாள். தோசை தீய்ந்தால் மகளுக்கு ஏச்சு, சாவி காணவில்லை என்றால் புருஷனுக்கு ஏச்சு. ஏசி முடித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுவதும் அவளேதான்.

ஒருநாள் சாமியிடம் வந்து சொன்னாள்.

"என் வாய் எனக்கு அடங்க மாட்டேங்கு சாமி."

"தினமும் காலையில கொஞ்ச நேரம் பேசாம இருந்து பாருங்க அக்கா."

"எனக்கு ஏது சாமி நேரம்? அடுப்பு முன்னால நிக்கிற நேரம்தான் எனக்குன்னு உள்ள நேரம்."

"சரி, அதையே வச்சுக்கிடுங்க."

இப்படித்தான் அந்த மௌன விரதம் ஆரம்பித்தது. அடுப்பைப் பற்ற வைத்தால் வாயை மூட வேண்டியது, ரசத்தை இறக்கினால் திறக்க வேண்டியது. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா, பத்து நாள் தாண்டாது என்றார்கள். தாண்டியது. ஒரு வருஷத்தையும் தாண்டியது.

பலன் இருந்ததா என்றால், இருந்தது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வீட்டில் காலைச் சண்டை நின்றது. சங்கரி நிம்மதியாக உட்கார்ந்து படித்தாள். சண்முகவேல் மரக்கடையில் போய், "மௌனம் கலகநாஸ்தின்னு சும்மாவா சொன்னான், எங்க வீட்டுல வந்து பாருங்கவே" என்று பெருமை அடித்தார். நீ கொடுத்து வைத்தவன் என்று அங்கே எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

அப்புறம் ஒரு ஆனி மாதத்துக் காலை. வெளியே சாரல். சண்முகவேலின் பஸ்தான் முதலில் போகிற பஸ் என்பதால் ரசம் இல்லாமலே அவர் தூக்குச்சட்டி எப்போதோ தயார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்பாங்கரை வாசலில் வந்து நின்றார்.

"ஏளா வடிவு, ஒரு விஷயம்."

ரசம் நுரை கட்டி ஏறுகிற நேரம். வடிவு திரும்பவில்லை. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கி, பொறுங்க என்று காட்டினாள்.

அவர் கொஞ்சம் நின்றார்.

"சரி, நீ வேலையைப் பாரு. அப்புறம் சொல்லுதேன்."

ரசத்தை இறக்கி, மல்லித்தழையைப் போட்டு மூடி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் அவர் இல்லை. சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவரை, தூங்குகிறார் என்றுதான் கண்டக்டர் நினைத்தார். கடைசி நிறுத்தத்தில் தட்டி எழுப்பும்போதுதான் தெரிந்தது. தூக்குச்சட்டி திறக்காமலே வீட்டுக்கு வந்தது. அன்றைக்கு ரசம் ரொம்ப நன்றாக வந்திருந்தது. யாரும் ஊற்றிச் சாப்பிடவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வடிவு வேலைக்குப் போனாள். ஜன்னலில் உட்கார்ந்து எல்லா வண்டிக்கும் பதில் சொன்னாள். வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு சொல் கிடையாது. கை காட்டுவாள், தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அதிர்ச்சி, போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. சங்கரி கல்லூரியில் சேர்ந்தாள். முதல் நாள் அவள் கிளம்பிப் போகும்போதும் வடிவு வாய் திறக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கரிதான் அம்மாவை ஸ்கூட்டியில் வைத்து மடத்துக்குக் கூட்டி வந்தாள். அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

சாமியிடம் வடிவுக்கு வாய் திறந்தது.

"ஒண்ணு கேட்டு வந்தேன் சாமி. தரணும்."

"சொல்லுங்க அக்கா."

"வேலையை விட்டுரலாம்னு இருக்கேன். ஆயுசுக்கும் பேசாம இருக்கணும். நீங்க குடுத்த விரதம். அதை முழுசா நீங்களே குடுத்துருங்க."

சாமி அவள் முகத்தையே பார்த்தார்.

"காலையில ரசம் இறக்கினா வாய் திறக்கணும்னுதானே வச்சிருந்தீங்க?"

"ஆமா சாமி. அன்னையிலேர்ந்து நான் ரசமே வைக்கல."

சாமி எழுந்தார். "இன்னைக்குச் சமையலுக்கு ஆள் வரல அக்கா. சாப்பிட ஆள் வந்திருக்கு. சோறும் கூட்டும் நான் பாத்துட்டேன். ஒரு ரசம் மட்டும் வச்சுக் குடுங்க."

"என் கையாலயா?"

"கை என்ன செஞ்சிச்சு?"

வடிவு பின்னாலேயே போனாள்.

மடத்து அடுப்பாங்கரை இருட்டாக இருந்தது. வாசல் ஒன்றுதான், வெளிச்சமும் அது வழியாகத்தான் வரணும். வடிவு புளியைக் கரைத்தாள். தக்காளியைப் பிசைந்து விட்டாள். சாமி தரையில் உட்கார்ந்து மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் சின்ன உரலில் இடித்தார். புளித்தண்ணீர் கொதித்துப் பச்சை வாசம் போனது.

பிறகு, அன்றைக்கு அவர் வாசலில் வந்து நின்றதையும் தான் திரும்பாமல் கையைக் காட்டியதையும் சொல்லிவிட்டு வடிவு கேட்டாள்.

"அவுக என்ன சொல்ல வந்தாக சாமி?"

"தெரியாது அக்கா."

"நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு சொல்ல வந்திருப்பாகளோ. என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தேன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"இருக்கலாம்."

"இல்ல, சங்கரி காலேஜ் விஷயமா இருக்குமோ. எங்க சேக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தாக."

"அதுவும் இருக்கலாம்."

"சாயங்காலம் ஒண்ணும் பொங்காதே, பரோட்டா வாங்கிட்டு வாரேன்னு சொல்லவும் வந்திருப்பாக. நான் அசந்து தெரிஞ்சா அப்படிச் சொல்லுவாக." இதைச் சொல்லும்போது வடிவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

சாமி தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டார்.

"மூணுல எதுவும் இருக்கலாம் அக்கா. மூணும் இல்லாமலும் இருக்கலாம். அது அவர்கூடயே போயிட்டு. நீங்க ஆயுசுக்கும் பேசாம இருந்தாலும் அது திரும்பி வராது."

வடிவு இடித்த பொடியை வாங்கிப் போட்டாள். பருப்புத் தண்ணீரை அளவு பார்த்து விளாவினாள். கைக்கு எதுவும் மறக்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்கேன்" என்றார் சாமி. "பேசாதீங்கன்னு சொன்னேன். திரும்பிப் பாக்காதீங்கன்னு சொன்னேனா?"

கரண்டி பாத்திரத்துக்குள்ளேயே நின்றது.

"ரசம் நுரை கட்டுற நேரம் சாமி. கண்ணை எடுத்தா கொதிச்சிரும். கொதிச்சா ரசம் கெட்டுது." கரண்டியை வெளியே எடுத்து வைத்தாள். "விரதத்தாலதான் திரும்பலன்னு எனக்கு நானே சொல்லிக்கிடுதேன். விரதம் இல்ல சாமி. ரசத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். அவுக முகத்தை நான் பாக்கவே இல்ல. என்ன சட்டை போட்டுட்டுப் போனாகன்னு ஆஸ்பத்திரியிலதான் பாத்தேன்."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு பாரம் இறங்கினதாகவும் தெரியவில்லை. வலிதான் கூடினது.

சாமி உரலைத் தள்ளி வைத்தார்.

"இதுல பாதி என் பங்கு அக்கா. அடுப்பு நேரம்தான் உங்களுக்குன்னு இருக்குன்னு சொன்னீங்க. சரின்னுட்டேன். எனக்கு வீடு வாசல் கிடையாது. விடிஞ்சா அடுப்பாங்கரை வாசல்ல யார் யார் வந்து நிப்பாங்கன்னு நான் யோசிக்கல. யோசிச்சிருக்கணும். நான் உங்களுக்குத் தப்பான நேரத்தைக் குடுத்துட்டேன்."

குரு சிஷ்யையிடம் இப்படிச் சொல்லுவாரா என்று கேட்கக் கூடாது. சொன்னார்.

வடிவு அவரைப் பார்த்தாள். அடுப்புக்குத் திரும்பிக்கொண்டாள்.

"சங்கரி எப்படி இருக்கா?" என்றார் சாமி.

"இருக்கா."

"காலேஜ் பிடிச்சிருக்கா அவளுக்கு?"

வடிவு கரண்டியில் எடுத்து உப்புப் பார்த்தாள்.

"காலையில அடுப்பாங்கரைப் பக்கம் வருவாளா?"

"வருவா. வாசல்ல நிப்பா. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிருவா."

"என்ன சொல்ல வாரா?"

"தெரியாது சாமி."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவள் காதிலேயே விழுந்தது. அடுப்புத் திண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

பாத்திரத்தின் ஓரத்தில் ரசம் மெல்ல வெளுத்தது. நுரை கூட ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து அடுப்பாங்கரைக்குள் வெளிச்சம் குறைந்தது. வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள். செருப்பைக் கழற்றிப் போட்ட சத்தமும் கேட்டது.

"அம்மா."

வடிவு திரும்பவில்லை. கண் ரசத்தின் மேலேயே இருந்தது. அவளை அறியாமல் இடது கை தோளுக்கு மேல் எழும்பி, பாதியில் நின்றது.

வாசலில் இருந்தவள் அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துப் பழகின கைதானே.

"சரிம்மா. வேலையைப் பாருங்க. அப்புறம் சொல்லுதேன்."

கால் சத்தம் ஒன்று, வெளியே போகிற பக்கமாகக் கேட்டது.

நுரை நடுவிலும் கூடிவிட்டது. இறக்க வேண்டிய நேரம் இதுதான். பிடிதுணி எங்கே இருக்கிறதென்று வடிவுக்குத் தெரியவில்லை. சாமி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார், எழுந்து வந்து இறக்கவில்லை.

"சாமி, ரசம் பொங்கிரும்" என்றாள் வடிவு.

"பொங்கட்டும் அக்கா. நீங்க திரும்புங்க."