அசமந்தநாட்டுத் தேசிய பில்லியர்ட்ஸ் சங்கம்

அசமந்தநாட்டை வரைபடத்தில் தேடாதீர்கள். ஏழு தெருவும் ஒரு குளமும்தான் நாடு. ஆனாலும் நாடு நாடுதான். கொடி உண்டு, மந்திரி உண்டு, தேசிய பில்லியர்ட்ஸ் சங்கமும் உண்டு. சங்கத்தின் வரலாற்றை ஒன்று விடாமல் என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் அது மொத்தமே ஒரு நாள்தான் நடந்தது.

சங்கத்துக்கு முன்னால் மேசை வந்துவிட்டது. எங்கேயோ போக வேண்டிய லாரி அச்சு முறிந்து, ஒரு மேசையையும் மர அலமாரியையும் ஊர்க் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, அச்சை மாற்றிக்கொண்டு போனது, திரும்பவில்லை. பச்சைத் துணி ஒட்டிய பெரிய மேசை, ஓரத்தில் ஆறு ஓட்டை. ஆறு பேர் படுக்கும் கட்டில் என்று ஊரார் முடிவு செய்தார்கள். வெற்றிலை துப்ப ஆளுக்கொரு ஓட்டை வைத்த தச்சனின் புத்தியை மெச்சிக்கொண்டே மத்தியானம் தூங்கினார்கள்.

தையற்கடை பாவாயி மட்டும்தான் அது விளையாட்டு மேசை என்று கண்டுபிடித்தாள். அலமாரியில் கோலும் பந்தும் இருந்தன. ஐந்து வருடம், தூங்குகிறவர்களை எழுப்பி இறக்கிவிட்டுத் தினமும் ஆடிப் பழகினாள். கெட்டிக்காரி. உலகப் போட்டிக்கு எழுதியும் போட்டாள். தனி ஆளைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. நாட்டுக்கு ஒரு சங்கம் வேண்டும், அது எட்டுப் பேரை வைத்துப் போட்டி நடத்தி, வென்றவரை அனுப்ப வேண்டும். தேர்வுக் கடிதத்தில் தலைவர் கூடத்துக்குள்ளேயே கையெழுத்துப் போட வேண்டும். கடிதமும் ஆளும் போட்டியன்றே மாலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பியாக வேண்டும். தவறினால் இனி நாலு வருடம் கழித்துத்தான்.

உடனே சங்கம் உண்டானது. மாவு மில் காராளன் தலைவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார் என்பதால் வெள்ளிங்கிரி செயலாளர். மேற்பார்வைக்கு உலகச் சங்கத்திலிருந்து சற்குணம் என்ற அதிகாரி, கையில் விதிப் புத்தகத்தோடு போட்டியன்று காலையிலேயே வந்து சேர்ந்தார், பாவம்.

"முதல் விதி. மேசை மட்டமா இருக்கணும்" என்றார் சற்குணம்.

"தண்ணி ஊத்திப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்று காராளன் நாலு குடம் தண்ணீரை மேசையில் ஊற்றினார். தண்ணீர் நாலு பக்கமும் வழிந்து ஓடியது.

"நாலு பக்கமும் ஒரே மாதிரி ஓடுதுங்க. சுத்தமான மட்டம்" என்று வெள்ளிங்கிரி எழுதிக்கொண்டார். சற்குணம் தண்ணீர் அடித்துப்போன தன் செருப்பைத் தேடி எடுத்து வந்தார்.

துணி காய்ந்ததும் அடுத்த விதியைப் படித்தார். "அடிக்கும்போது ஒரு கால் தரையில் இருக்க வேண்டும்."

சங்கம் கூடி யோசித்தது.

"எனக்கு ரெண்டு காலும் தரையிலதான் இருக்குது. ஒண்ணு விதிக்கு மேல போகுதுங்களே?" என்று வெள்ளிங்கிரி கேட்டார்.

"தூக்கிரு" என்றார் காராளன்.

"குறைஞ்சது ஒரு கால்னு அர்த்தம்யா" என்றார் சற்குணம்.

"குறைஞ்சதுன்னு எழுதலைங்களே" என்று வெள்ளிங்கிரி மரியாதையாகப் புத்தகத்தைக் காட்டினார்.

ஆக, போட்டி ஒற்றைக் காலில் நடந்தது. தலைவர், செயலாளர் உட்பட ஏழு ஆண்களும் குளத்தங்கரைக் கொக்கு மாதிரி நின்று, கோலை நீட்டி, பந்துக்கு முன்னால் தாங்கள் விழுந்தார்கள். பாவாயிக்குத் தையல் மிஷின் மிதித்த கால், அசையவில்லை. யாரெல்லாம் எதிரே வந்தார்களோ அத்தனை பேரையும் வென்றாள். தோற்றவர் வெளியேற வேண்டும் என்பது விதி. ஒவ்வொருவராக வெளியேறி, தெருவில் வரிசையாக நின்றார்கள். மணி நாலரை.

"தலைவர் உள்ள வந்து கையெழுத்துப் போடலாம்" என்றார் சற்குணம்.

காராளன் அசையவில்லை. "தோத்தவன் வெளியேறணும்னு நீங்கதானுங்க படிச்சீங்க. திரும்ப உள்ள வரலாம்னு எங்க எழுதியிருக்குது?"

சற்குணம் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டினார். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"அண்ணா, ஜன்னல் வழியா கைய மட்டும் நீட்டிப் போடுங்க" என்று பாவாயி கெஞ்சினாள்.

"தோத்ததே அந்தக் கைதானே கண்ணு" என்றார் வெள்ளிங்கிரி.

மணி ஐந்து. காராளனுக்குத்தான் வழி தோன்றியது. தலைவர் என்றால் சும்மாவா.

"நாமதான் உள்ள போகக் கூடாது. கூடம் வெளிய வர்றதுக்குத் தடை இல்லியே?"

கடப்பாரை வந்தது. கூரை ஓடுகளைப் பத்திரமாக இறக்கி அடுக்கினார்கள். நாலு சுவரையும் இடித்தார்கள். முதல் சுவர் ஆடும்போதே சற்குணம் அலமாரிக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். புழுதி அடங்கியதும் காராளன் பேனாவோடு மேசைக்கு வந்தார். வந்தவர் நின்றுவிட்டார்.

"பாவாயி, இப்ப நீ எங்க நிக்கறே?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே காக்காய் பறந்தது. "வெளியதான்."

"அப்ப நீயும் வெளியேறிட்டயே."

பாவாயிக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து வருடத்து உழைப்பு. "நான் எங்கண்ணா வெளியேறுனேன்? நின்ன எடத்துலயேதான் நிக்கறேன். கூடந்தான் போயிருச்சு."

சங்கம் மறுபடி கூடியது. நியாயமான சங்கம், அவள் சொன்னதை ஒப்புக்கொண்டது.

"நீ தோக்கல" என்றார் காராளன். "ஆனா ஜெயிக்கவும் இல்ல. ஜெயிச்சவங்கன்னா உள்ள இருக்கணும்."

அப்போது அலமாரி தட்டும் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாட்டிலேயே உள்ளே இருந்த ஒரே ஆள் சற்குணம்தான்.

"சாருதான் தேசிய சாம்பியன்" என்று வெள்ளிங்கிரி அறிவித்தார்.

"எனக்கு ஆடவே தெரியாதுய்யா" என்று அலமாரி சொன்னது.

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்" என்றார் காராளன். கடிதத்தில் பெயர் எழுதப் பேனா மூடியைக் கழற்றினார்.

மணி ஐந்தே முக்கால். பாவாயி கண்ணைத் துடைத்தாள். நேரே போய் அலமாரிக் கதவைத் திறந்தாள். சற்குணம் தடுக்கி வெளியே விழுந்தார். அவள் கோலோடு உள்ளே ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள்.



"சாரு வெளியேறிட்டாருங்க" என்று வெள்ளிங்கிரி மெதுவாகச் சொன்னார்.

காராளன் பெயரைப் பாவாயி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கதவிடுக்கு வழியாகக் கடிதத்தை உள்ளே தள்ளினார். ஏழு பேரும் அலமாரியைத் தூக்கி ஆறு மணி பஸ்ஸின் மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். போய்ச் சேருகிற வரைக்கும் வெளியே தலை காட்டக் கூடாது என்று ஆளாளுக்குக் கதவருகே போய்ச் சொன்னார்கள். அவளும் சரி என்றாள்.

பஸ் போனதும் திரும்பி வந்து பார்த்தால் சற்குணம் செங்கல் குவியலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். காராளனுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"மனசு விட்டுறாதீங்க சார். கடைசி வரைக்கும் வந்துட்டீங்க. அடுத்த வாட்டிக்குள்ள சுவரு எழுப்பிர்றோம், உள்பக்கம் தாப்பா போட்ட அலமாரியா ஒண்ணு வாங்கி வெக்கறோம். நீங்க நேரத்தோட வந்து பூந்துக்குங்க."