தொண்ணூற்றொன்பது பேர் உட்கார்ந்த நாற்காலி

"எஸ்தர், என் பாட்காஸ்ட்டை ஏன் யாருமே கடைசி வரைக்கும் கேட்க மாட்டேங்கிறாங்க?"

தணிகாசலம் இப்படிக் கேட்டபோது எஸ்தர் ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கிக்கொண்டாள்.

தணிகாசலத்துக்கு வயது நாற்பத்தாறு. எஸ்தருக்கு இருபத்தெட்டு. ஆனாலும் கோடம்பாக்கத்தில், செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கும் அந்த ஒலிப்பதிவு அறையில் எஸ்தர்தான் குரு. மற்றவர்கள் பேசியதை வெட்டி ஒட்டுவது அவள் தொழில். பெரிய பெரிய பேச்சாளர்கள்கூட அவளிடம் அடக்கமாக நடந்துகொள்வார்கள். அவர்கள் உளறியதெல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தது.

தணிகாசலம் இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு 'ஸ்டார்ட்அப் சிகரம்' என்ற பாட்காஸ்ட்டைத் தொடங்கியவர். இணையத்தில் கம்பெனி ஆரம்பித்தவர்கள், சோஷியல் மீடியாவில் விளம்பரம் செய்து முன்னுக்கு வந்தவர்கள் என்று தேடித் தேடிப் பேட்டி எடுத்தார். தொண்ணூற்றொன்பது பேட்டிகள் ஆகிவிட்டன. ஆரம்பத்தில் கேட்க ஆட்கள் வருவார்கள். பதினோராவது நிமிடத்துக்குள் கழன்றுகொள்வார்கள்.

ஒரே ஒருவர் ஒரே ஒரு தடவை முழுதாகக் கேட்டிருந்தார். யாரென்று விசாரித்தால், தணிகாசலத்தின் மச்சான். போட்டுவிட்டுத் தூங்கிப்போயிருக்கிறார்.

"நாளைக்கு நூறாவது. மொபைல் ஆப்புல இட்லி மாவு விக்கிற அந்த கோயம்புத்தூர் அம்மாதான் வர்றாங்க. எட்டு மாசம் கெஞ்சினேன். வீட்டுல என் சம்சாரம் மலர்கொடிகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன், எஸ்தர். நூறாவதையாவது ஒரே ஒரு ஆள், முழிச்சிருந்து, கடைசி வரைக்கும் கேட்கணும். இல்லேன்னா பேசாம பழைய ஆபீசுக்கே போயிடறேன்னு."

அந்த ஆபீசை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"இதுவரைக்கும் என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

"எல்லாம் பண்ணிட்டேன். ராக்கெட் படம் போட்டேன். மைக்கை மாத்தினேன். நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற மாதிரி போட்டோ போட்டேன். முதல் முப்பது செகண்டுல ஆளைப் பிடிச்சிடணும்னு ஆன்லைன் கிளாஸ்ல சொன்னாங்க, அதையும் பண்ணேன்."

"பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன். ஓடிடறாங்க."

பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து நீட்டினார். "நாளைக்குக் கேட்கப்போற கேள்வி. ஆறு பக்கம். பாத்து சொல்லுங்க."

எஸ்தர் வாங்கினாள். மேசையில் வைத்தாள். அதன் மேல் தன் டீ கிளாஸை வைத்தாள்.

"ஐயோ, அது கேள்வி!"

"உள்ள போய் உட்காருங்க சார்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்த் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அங்க இல்ல. கெஸ்ட் சேர்ல."

தொண்ணூற்றொன்பது பேர் உட்கார்ந்த அந்த நாற்காலியில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்ததும் அது ஒரு பக்கமாக ஆடியது. இத்தனை நாளில் யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தார்.

ஒவ்வொரு பேட்டிக்கும் இரண்டு மைக், இரண்டு தனித்தனிப் பதிவு. எஸ்தர் தொண்ணூற்றொன்பதாவது பேட்டியைத் திறந்தாள். விருந்தாளியின் குரலை அணைத்தாள். தணிகாசலத்தின் குரலை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"உங்க கேள்வி வரும். அவர் பேசின நேரம் காலியா இருக்கும். அதுல நீங்க பதில் சொல்லுங்க."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தார். பேசுவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

ஹெட்போனில் அவர் குரலே வந்தது.

"உங்க முதல் தோல்வி பத்திக் கேட்கணும் சார். ஏன் கேட்கிறேன்னா, என்னைப் பொறுத்தவரைக்கும் தோல்வி மொத்தம் மூணு வகை."

முதல் வகை முடிய நாலு நிமிடம் ஆனது. நல்ல கருத்துதான் என்று தணிகாசலம் தலையாட்டினார். இரண்டாவது வகையில் கொட்டாவி வந்தது. மூன்றாவதையும் முடித்துவிட்டு, "சொல்லுங்க சார்" என்றது குரல்.

"பத்து வருஷம் முன்னாடி நான் ஒரு வெப்சைட்..."

"சூப்பர் சார்!"

"கல்யாணத்துக்குப் பந்தல், பாத்திரம் எல்லாம் புக் பண்ற..."

"கரெக்ட், கரெக்ட், கரெக்ட். அதாவது நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னா..."

அவர் என்ன சொல்ல வருகிறார் என்பதை அந்தக் குரலே இரண்டு நிமிடம் சொன்னது. தப்பாகச் சொன்னது. தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். இடைவெளி வந்ததும் அவசர அவசரமாகப் புகுந்தார்.

"அதுல கஸ்டமர் கேர் நம்பருக்கு எங்கப்பா நம்பரைக் குடுத்துட்டேன். ஒரு முகூர்த்த நாள்ல சைட் படுத்துடுச்சு. அறுபது கல்யாண வீட்டுக்காரங்க எங்கப்பாவுக்கு போன் பண்ணிக் கத்தியிருக்காங்க. நான் அடிச்சுப் பிடிச்சு வீட்டுக்கு ஓடினா, அவரு..."

"இந்த இடத்துல நம்ம ஸ்பான்சர் பத்தி ஒரு வார்த்தை. உங்களுக்கு முடி கொட்டுதா?"

தணிகாசலம் வாயைத் திறந்தது திறந்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த விஷயத்தை அவர் மலர்கொடியிடம்கூடச் சொன்னதில்லை. பத்து வருடம் கழித்து இப்போதுதான் வாய் வரைக்கும் வந்திருந்தது. ஹெட்போனில் அவரே தேங்காய் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார்.

"சரி சார், இப்ப நாம மார்க்கெட்டிங்குக்கு வருவோம்."

"யோவ்!" மேசையில் ஓங்கி அறைந்தார். "கொஞ்சம் வாயை மூடேன்யா! மனுஷனைப் பேச விடுய்யா!"

எஸ்தர் ஓடிக்கொண்டிருந்த பேட்டியை நிறுத்தினாள்.

நாற்காலி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த சேர் ஆடுதுன்னு ஏன் ஒருத்தர்கூட என்கிட்ட..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஹெட்போனில் எஸ்தரின் குரல் வந்தது.

"வீட்டுக்கு ஓடினீங்க. அப்புறம்?"

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு ஒரு 'ம்' கூடப் போடவில்லை. அந்த அமைதி முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பேச்சு தானாக வந்தது.

அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். போன் செய்த அறுபது பேரின் பெயரையும் விலாசத்தையும் ஒரு நோட்டில் மணிமணியான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொருவரிடமும் மகனுக்காக மன்னிப்புக் கேட்டிருந்தார். நோட்டை மகன் கையில் கொடுத்தார். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகன் வாசலிலேயே உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து, ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுத் திட்டு வாங்க ஆரம்பித்தான். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று தெரியவில்லை. முதல் வீடு. இரண்டாவது வீடு.

நாற்பதாவது வீட்டில் தணிகாசலத்தின் கண் சுவர்க் கடிகாரத்தில் பட்டது. ஐம்பத்து மூன்று நிமிடம் ஓடியிருந்தது. எஸ்தரின் டீயில் ஆடை படிந்திருந்தது.

"ஐயையோ, இவ்வளவு நேரமா பேசிட்டேன்? மன்னிச்சுக்கோங்க எஸ்தர். போதும், முடிச்சுக்குவோம்."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

எஸ்தர் எழுந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஹெட்போனை எடுத்து மறுபடி அவர் தலையில் மாட்டினாள்.

"முடிக்கிறதாவது? உங்கப்பா கதவைத் திறந்தாரா இல்லையா, அதைச் சொல்லிட்டு எங்க வேணா போங்க!"