மியாவ்லியனின் கஷ்டம்

சீனத்தில் புதிய அரசாங்கம் வந்து இரண்டாவது குளிர்காலம். மலைக்கிராமம் ஒன்றில், நிலம் வைத்திருந்தவர்களைக் களத்துமேட்டில் நிறுத்தி, அவர்களிடம் பட்ட கஷ்டத்தை ஊரார் ஒவ்வொருவராகச் சொல்லும் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அங்கிருந்த சின்னப் புத்த மடத்துக்கும் குத்தகைக்கு விட்ட ஏழு வயல்கள் இருந்தன. அதனால் மடத்துத் தலைவர் தெசானும் நிலச்சுவான்தார் ஆகிவிட்டார். அவருக்கென்று இருந்தது இரண்டு அங்கிகள்தான்.

மடத்தில் சமையல் பார்த்தவன் மியாவ்லியன் என்ற துறவி. நாற்பது வயது. பதினெட்டு வருஷமாகத் தெசானின் சீடன்.

கூட்டங்களை நடத்திய கமிட்டித் தோழர் டுவான் சமையலறைக்கே வந்துவிட்டார்.

"பதினெட்டு வருஷம் கூலியில்லாமல் உழைத்திருக்கிறீர்கள். நாளை மறுநாள் கூட்டத்தில் உங்கள் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும்."

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லையே, தோழர்."

"அப்படியானால் நீங்களும் தெசானின் ஆள். அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். போன வாரம் அப்படி நின்றவர்கள் திரும்பி வந்தார்களா?"

வரவில்லை. கஷ்டப்பட்டவன் அந்த வருஷம் எப்படியோ பிழைத்துக்கொண்டான். கஷ்டப்படாதவன் பாடுதான் திண்டாட்டம்.

மியாவ்லியன் தன் கஞ்சிக் கிண்ணத்தோடு குருவிடம் போனான்.

"பொய் சொல்வதில்லை என்று தலை மழித்த அன்று உங்கள் முன்னால் சத்தியம் செய்தேன். உண்மையைச் சொன்னால் என்னையும் கொண்டுபோய்விடுவார்கள். பயமாக இருக்கிறது, குருவே. என்ன செய்யட்டும்?"

தெசான் அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வெறும் கிண்ணத்தை நீட்டினார். மடத்தில் அன்றைக்கு வேறு கஞ்சி இல்லை.

மறுநாள் பனி கொட்டியது. ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தான். வாளிகளை வாசலிலேயே கவிழ்த்தார்.

"மறுபடி கொண்டு வா."

நான்கு முறை கொண்டுவந்தான். நான்கு முறையும் கவிழ்த்தார்.

"நான் என்ன தப்பு செய்தேன்?"

"எதிர்த்தா பேசுகிறாய்?"

தண்ணீர் சுமக்கும் மூங்கில் கழியை எடுத்து அவன் தோளில் ஓங்கி அடித்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் அடி. வலியைவிட அவமானம்தான் மியாவ்லியனைச் சுட்டது. சாவு பயத்தில் கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தான். அன்று முழுக்க அவர் முகத்தில் விழிக்கவில்லை.

கூட்டத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தபோது அவனுக்குள் பாதி பயம், பாதி ஆத்திரம்.

"என் கஞ்சியைப் பிடுங்கிக் குடித்தார்! பனியில் தண்ணீர் சுமக்க வைத்து, கொண்டுவந்ததையெல்லாம் கவிழ்த்துக் கொட்டினார்! கழியால் அடித்தார்!"

அங்கியை விலக்கிக் கன்றிப்போன தோளைக் காட்டினான். களம் கொதித்தது.

டுவான் குருவின் பக்கம் திரும்பினார்.

"உண்மையா?"

அவமானப்படுத்த மாட்டிவிட்டிருந்த காகிதக் குல்லாவுக்குக் கீழே தெசானின் முகம் தெளிந்தது.

"ஒவ்வொரு சொல்லும் உண்மை."

அந்த முகத்தைப் பார்த்ததும்தான் மியாவ்லியனுக்குப் புரிந்தது. ஓடிப்போய்க் காலில் விழ நினைத்தான். அதற்குள் டுவான் தீர்ப்பை வாசித்து முடித்துவிட்டார்.

மறுநாள் காலை தெசானைக் கொண்டுபோக வண்டி வந்தது. அதுவரை அவரைத் தானியக் கொட்டகையில் அடைத்து வைத்திருந்தார்கள். மியாவ்லியன் கஞ்சியோடு போனான். அடி வாங்கியவன் என்பதால் காவலன் சந்தேகப்படாமல் உள்ளே விட்டான்.

"என்னிடம் சொல்லிவிட்டு அடித்திருக்கலாமே, குருவே?"

"சொல்லியிருந்தால் உனக்கு வலித்திருக்காது. வலிக்காததை வலித்தது என்று சொல்ல உனக்கு வராது."

மியாவ்லியன் அழுதுகொண்டே கிண்ணத்தை நீட்டினான். தெசான் அதை வாங்கி, மறுபடி அவன் கையிலேயே வைத்தார்.

"இதை நீ குடி. அன்றைக்கு நான் குடித்தது உன் பங்கு."