மைனா நடத்திய இணைய வகுப்பு

கருங்காலிக் காட்டுக்குச் செல்போன் கோபுரம் வந்ததும் மைனா இணைய வகுப்பு தொடங்கியது. கோடை நெருங்கிக்கொண்டிருந்தது. காட்டுத்தீயில் தப்புவது எப்படி என்பதுதான் பாடம்.

காலையில் புதருக்குப் புதர் போன்கள் ஒளிரும். மைனா ஒரு படத்தைக் காட்டி, "இதோ, இங்கே இறங்கி, இப்படித் திரும்பினால் ஆறு! புரிந்ததா?" என்று கேட்கும்.

"புரிந்தது!" என்று புள்ளிமான் முந்திக்கொண்டு கத்தும்.

ஒரு வாரத்தில் முள்ளம்பன்றியும் தேவாங்கும் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டன. மைனாவுக்குக் கோபம். நேரே முள்ளம்பன்றியின் வளைக்குப் பறந்து போனது.

"ஏன் வரவில்லை? உயிர் காக்கும் பாடமல்லவா!"

"வந்தேனே, மைனாக்கா! 'இங்கே', 'இப்படி' என்கிறீர்கள். கண் தெரியாத எனக்கு எது இங்கே, எது இப்படி?"

மைனா அடுத்து தேவாங்கைத் தேடிப் போனது. அது கிளையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"இரவெல்லாம் இரை தேடுகிறேன், அக்கா. காலையில் வகுப்பில் உட்கார்ந்தால் கண் சொக்குகிறது!" என்று கொட்டாவி விட்டது.

"அடடா! என் வசதிக்குத்தான் பாடம் நடத்தியிருக்கிறேன்!" என்றது மைனா.

மறுநாள் பாடம் மாறியது. "பாறைச் சரிவில் இறங்குங்கள். காலில் கூழாங்கல் தட்டுப்பட்டதும் இடப்பக்கம் திரும்புங்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்கும்." மைனா இப்படி வாயால் வழி சொன்னது, அதைப் பதிவு செய்தும் வைத்தது. தேவாங்கு அதை இரவில் திரும்பத் திரும்பக் கேட்டது. முள்ளம்பன்றி அந்த வழியில் நடந்தே பழகியது.

"இரண்டு பேருக்காக எங்களை இழுத்தடிக்கிறீர்களே!" என்று சலித்துக்கொண்டது மான்.

"கொஞ்சம் பொறுத்துக்கொள், தங்கம்!"

பங்குனி வெயிலில் ஒரு நண்பகல், மூங்கில் காடு தீப்பிடித்தது. எங்கும் புகை. படத்தில் பார்த்த வழி எதுவும் மானின் கண்ணுக்குத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே சுழன்றது.

"ஐயோ, எந்தப் பக்கம் போவேன்!"

"புகையும் வெளிச்சமும் எனக்கு ஒன்றுதான். என் பின்னால் வா!" முள்ளம்பன்றி முட்களைச் சலசலவென்று ஆட்டியது. "ரொம்ப ஒட்டாதே, குத்திவிடும்!"

கிளையிலிருந்த தேவாங்கு மானின் கழுத்தில் தொற்றிக்கொண்டது. "சரிவு... கூழாங்கல்... இடப்பக்கம்!" என்று இருமியபடியே அதன் காதில் சொல்லிக்கொண்டு வந்தது. மூன்றும் ஆற்றில் இறங்கின.

அக்கரையில் தவித்துக்கொண்டிருந்த மைனா கத்திக்கொண்டே பறந்து வந்தது. மான் முள்ளம்பன்றியின் மூக்கை நக்கியது.

"உனக்காகச் சொன்ன பாடம்தான் என்னையும் காப்பாற்றியது!"

ஒருவரும் விடுபடாமல் கற்பிக்கும் பாடமே எல்லோரையும் கரைசேர்க்கும்.