மடிச் சோதனை

"கண்ணை மூடினால் முந்திரிப் பருப்புதான் தெரிகிறது அம்மா" என்றார் தணிகாசலம்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கம்பெனி வைத்திருப்பவர். ஐம்பத்தெட்டு வயது. வாரம் தவறாமல் ஞானாம்பாள் அம்மையாரின் மடத்துக்கு வந்து தியானத்தில் உட்காருவார். அம்மையார் அவரைவிடச் சின்னவர். அதிகம் பேசமாட்டார்.

என்ன பருப்பு என்று அம்மையார் கேட்டார்.

தனக்குத் தெரியாமல் வெளியே போகிற பருப்பு என்றார் தணிகாசலம்.

கம்பெனியில் கொட்டை உடைப்பதும் தோல் உரிப்பதும் பெண்கள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவர்கள் விரல்கள் கறுத்துக் கிடக்கும். சாயங்காலம் வாசலில் ஒவ்வொருத்தியும் மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். தணிகாசலமே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

போன வாரம் பச்சையம்மாள் உதற மாட்டேன் என்றுவிட்டாள். அவர் மகள் கல்யாணத்தில் முதல் ஆளாக வந்து இலை போட்டவள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

அவள் வீட்டுப் பக்கம் ஆள் அனுப்பிப் பார்த்தார். கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறாள் என்று தகவல் வந்தது. தகரத்துக்கு ஏது பணம்? அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அவர் உள்ளே நுழைந்தால் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் பேசினாலும் சந்தேகம், பேசாவிட்டாலும் சந்தேகம். அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு வெளியூர்ப் பெண்களை வைக்கப்போவதாகச் சொன்னார். அதற்கு ஆசி வாங்கத்தான் வந்திருந்தார்.

அம்மையார் விபூதித் தட்டைத் தொடவில்லை.

"பருப்பு எடை எப்போதாவது குறைந்திருக்கிறதா?"

"ஒருநாளும் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். அவ்வளவு சாமர்த்தியம்."

உரித்த பருப்பு அப்புறம் யார் கைக்குப் போகிறது என்று அம்மையார் விசாரித்தார்.

டின்னில் அடைப்பது ஆண்கள் என்றார் தணிகாசலம். பெண்கள் வருகிற நேரத்துக்குத்தான் அவர்களும் வருவார்கள். போகிற நேரத்துக்குத்தான் போவார்கள்.

"அவர்களையும் வாசலில் சோதிப்பீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

இது என்ன கேள்வி என்பதுபோல் அவர் அம்மையாரைப் பார்த்தார்.

"அவர்கள் எதற்கம்மா எடுக்கப்போகிறார்கள்? பெண்களுக்குக் கொடுக்கிற மாதிரியா கொடுக்கிறேன்? அவர்களுக்கு நியாயமான கூலி கொடுக்கிறேனே."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.