மாநாட்டுப் பந்தலின் புகைக்குழாய்

தடதடதடவென்று ஒரே சத்தம். கடற்கரைச் சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போனால்தான் தெரியும், அது ஜெனரேட்டர். ஆசியக் கண்டத்தையே சீர்படுத்தக் கூட்டிய மாநாட்டுக்கு அதுதான் கரண்ட் கொடுத்தது. கரும்புகையையும் கொடுத்தது.

மாநாட்டில் தலைப்புக்கு ஒரு பந்தல். வளர்ச்சிப் பந்தல்காரர்கள் புகையைப் பருவநிலைப் பந்தல் பக்கம் திருப்பச் சொன்னார்கள். பருவநிலைக்காரர்கள் வந்த வழியே திருப்பச் சொன்னார்கள். பதினோரு மணிக்குள் ஆபரேட்டர் தணிகாசலம் குழாயை ஆறு தடவை திருப்பிவிட்டான். ஏசியைக் குறைத்தால் புகையும் குறையும் என்று சொல்லிப் பார்த்தான். ஒருவரும் சம்மதிக்கவில்லை.

மாநாட்டுச் செயலர் ஞானசிகாமணி வந்தார்.

"ஒரு ஏசி நிக்கக் கூடாது. புகையைப் பத்தி எங்கிட்ட இனிமே ஒரு புகார் வரக் கூடாது. வந்தா நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

"புகார் வராம இருந்தா போதுமா சார்?"

"போதும்யா, உயிரை வாங்காதே."

தணிகாசலம் ஏழாவது தடவையாகக் குழாயைத் திருப்பினான். கால் மணி நேரத்தில் செயலர் நிர்வாகப் பந்தலிலிருந்து இருமிக்கொண்டே வந்தார். வெள்ளைச் சட்டை கறுத்திருந்தது.

"எங்க பந்தலுக்கே விடுறியா?"

"எல்லாரும் உங்ககிட்ட புகார் சொல்றாங்க சார். நீங்க போய்ச் சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. அதான்."

 செயலர் மறுபடியும் இருமினார்.

பந்தல்களின் பக்கத் துணிகளைச் சுருட்டிக் கட்டி, பாதி ஏசியை நிறுத்தச் சொன்னார். கடற்காற்று உள்ளே வந்தது. புகையும் மெலிந்தது. இதைக் காலையிலேயே செய்திருக்கலாம்.

தணிகாசலம் கேனை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கப் போனான்.